வைக்கோலை விற்று மரக்கன்று வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 9 மா (சுமார் 3 ஏக்கர்) நஞ்சை, வீட்டை ஒட்டி 30 சென்ட் கொல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் ஊரோடு வந்துவிட்டான். பெர்மாகல்ச்சர் என்ற இயற்கையோடு இயைந்த வேளாண் முறை வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து, 3 மாவில் நெல்லை நிறுத்திவிட்டு உணவுக்காடு, அதாவது காய்கனி மரங்களைக் கலந்து நட்ட தோப்பு, போடவேண்டும் என்கிறான். ஒரு ஆலோசகர் வந்து பார்த்தார். வயலின் குறுக்கே வளைவாக அகழி வெட்டி மழைநீரை நிறுத்தவேண்டுமாம். வரைபடம், கன்று, நுண்ணுயிர்த் திரவம் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்கிறார். மேட்டூர் திறப்பதற்குள் ஜேசிபி விடவேண்டும் என்கிறார். சம்பா வைக்கோலை, அதை அள்ளிக் கட்டாகக் கட்டும் மிஷின்காரரிடம் விற்ற பணம் இருக்கிறது, அதை முன்பணமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பலா, அவகேடோ, முருங்கை, பப்பாளி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கார்த்திகையில் எங்கள் வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கன்று பிழைக்குமா? வேறு எந்தக் கன்று வைக்கலாம்? பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அந்தப் பட்டியலில் உள்ள நான்குமே உங்கள் வயலில் பிழைக்காது. வேரில் சில நாள் தண்ணீர் நின்றாலே பப்பாளி அழுகிவிடும், முருங்கையும் பலாவும் அதே கதிதான். அவகேடோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜேசிபிக்காரரிடம் வரவேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

அகழி விஷயம் இதுதான். சரிவான மேட்டு நிலத்தில் மழை பெய்ததும் தண்ணீர் ஓடிப்போகும். அதைச் சம உயரக் கோட்டில் மறித்து மண்ணுக்குள் இறக்குவதற்கு அந்த அகழி உதவும். புதுக்கோட்டைச் செம்மண் மேட்டில் ஒருவர் வெட்டினால் நானே போய்ப் பாராட்டுவேன். நம்முடையது தட்டையான களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் நம் தலைவலி. உங்கள் வடிவாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் எவ்வளவு தூரம் மண்டிக் கிடக்கின்றன என்று மகனை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். செலவழிக்கப் பணம் இருந்தால் முதல் செலவு அங்கேதான், அதுவும் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு.

உங்கள் மகனின் ஆசை தவறில்லை. 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கிய முறை இது. 1987இல் மோலிசன் இந்தியாவுக்கே வந்து பாடம் நடத்தினார். வெட்டுவதற்கு முன் நிலத்தைக் கவனி என்பதுதான் அந்த முறையின் முதல் பாடம். ஒரு அடைமழையைக்கூட இந்த வயலில் பார்க்காமல் வரைபடம் போட்டவர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். மகனிடம் நாலைந்து மூங்கில் குச்சிகளைக் கொடுத்து வயலில் ஆங்காங்கே ஊன்றச் சொல்லுங்கள். வரும் கார்த்திகையில் தண்ணீர் எந்தக் குச்சியில் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்று குறித்து வைக்கட்டும். அதைவிட நல்ல வரைபடத்தை யாரும் விற்க முடியாது.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். வைக்கோலை விற்றதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய செய்தி அதுதான். கட்டுக்கு என்ன விலை கொடுத்தார் என்று தெரியாது. எவ்வளவு கொடுத்திருந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நெல் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாஷ்) பெரும்பங்கு மணிக்குப் போவதில்லை, தாளிலேயே தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ சாம்பல்சத்தும் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்தால் ஒரு மூட்டை பொட்டாஷுக்குக் குறையாத சரக்கு அது. மிஷின் அதில் பாதியைத்தான் அள்ளிப்போகும் என்றாலும் அரை மூட்டை போய்விட்டது. சிலிக்கா தனிக் கணக்கு. டன்னுக்கு 40 கிலோவுக்கு மேல் இருக்கும் அந்தச் சத்துதான் தாளை நிமிர்த்திப் பிடிக்கிறது, குலைநோய்க்கு ஈடுகொடுக்க வைக்கிறது. இவ்வளவையும் லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தக் காசில் பாட்டிலில் அடைத்த நுண்ணுயிரை வாங்கி வயலில் ஊற்றினால் அந்த நுண்ணுயிர் எதைத் தின்னும்?

கட்டு மிஷின் போன வயலை நின்று பார்த்திருக்கிறீர்களா? ஈரக் களியில் சக்கரம் அழுந்தி, நெடுக இரண்டு கோடு விழுந்திருக்கும். முளைத்து இரண்டு இலை விட்ட உளுந்து அந்தக் கோட்டில் மட்டும் இருக்காது. மாசி வெயிலில் அந்த மண் செங்கல் மாதிரி இறுகிப்போகும். அறுவடைக்கு வந்த பெல்ட் வண்டி ஒரு முறை மிதித்த இடத்தை இது இன்னொரு முறை மிதிக்கிறது.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிட்டு, உழவில்லாமல், பாசனமில்லாமல், மண்ணின் மீதி ஈரத்திலும் பனியிலும் ஒரு விளைச்சல் எடுக்கிறோமே, அதைவிடச் சிக்கனமான பெர்மாகல்ச்சரை நான் எங்கும் பார்த்ததில்லை. அதன்மேல் வைக்கோல் மெல்லிய மூடாக்காகக் கிடந்தால் அந்த ஈரம் இன்னும் பல நாள் தங்கும். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மேடைக்கு மேடை மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னதும் இதைத்தான். அறுவடை மிஷின் கொட்டிய வைக்கோல் வரிசை தடிமனாக இருந்தால் மட்டும் கவைக்கோலால் கலைத்துப் பரப்பிவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் உள்ள முளை மூச்சுமுட்டிச் சாகும். ஒரு மழைக்குப் பிறகு அந்த வைக்கோலை விலக்கிப் பாருங்கள். அடித்தாளில் வெள்ளை நூலாகப் பூசணம் ஓடியிருக்கும், மண்புழு எச்சம் உருண்டையாகக் கிடக்கும். காசு கொடுத்து வாங்க நினைத்த நுண்ணுயிர் அதுதான்.

மாடு வைத்திருந்தால் மாட்டுக்குக் கொடுங்கள், அது சாணமாகத் திரும்பி வரும். நாளைக்கு 5 கிலோ என்றால் ஒரு ஏக்கர் வைக்கோல் ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத் தீவனம். எரிப்பது மட்டும் கூடவே கூடாது, தழைச்சத்து அத்தனையும் புகையாகப் போகும். இன்னொன்று, புது வைக்கோலை நடவுக்கு முந்தின வாரம் சேற்றில் மிதிக்காதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு நாற்றை மஞ்சளாக்கிவிடும். ஒரு மாதமாவது முன்பே மடக்கி உழவேண்டும்.

இப்போது கன்றுக்கு வருகிறேன். உணவுக்காட்டைக் கொல்லையில் போடுங்கள். கழுநீர் பாயும் இடத்தில் வாழை, மேட்டில் முருங்கையும் பப்பாளியும், ஓரத்தில் எருக்குழி, மாட்டுக்கொட்டகை. அடிக்கடி கைபடுவது வீட்டுக்கு அருகில் இருக்கட்டும் என்று மகனுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம் பாட்டிகளின் கொல்லை அப்படித்தான் இருந்தது. 30 சென்ட் என்பது ஒரு குடும்பத்தின் காய்கறி, பழத்துக்கு நிறைய இடம்.

வயலிலும் மரம் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், தாழ்வான மூலையில் ஒரு குட்டை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு ஒரு பக்க வரப்பை அகலமாக உயர்த்துங்கள். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில் அதையே மேலே போடவேண்டும். அடிமண் உப்பாக இருக்கிறதா என்று முதலில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள், கடலோர முத்துப்பேட்டைப் பக்கம் போகப் போக இது பெரிய தொல்லை. அந்த வரப்பில் தென்னை, நாவல், நீர்மருது, புங்கன், பூவரசு தாங்கும். எல்லையோரம் பனை. நிழல் பக்கத்து வயலில் விழாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். தழையுர மரமான கிளைரிசிடியாவின் குச்சிகளை இடையிடையே ஊன்றிவிட்டால் தழைக்குத் தழை. புது வரப்பில் அடைமழைக்கு முன் நடவேண்டாம். ஒரு மழைக்காலம் அடித்து மண் அமுங்கட்டும், தையில் நடுங்கள்.

திரவ பாட்டில் விற்பவர்களைப் பற்றிக் கேட்டால் கடுமையாகத்தான் சொல்வேன். என்ன நுண்ணுயிர், எவ்வளவு எண்ணிக்கை, எப்போது தயாரானது, எப்போது காலாவதி என்று லேபிளில் இல்லாத எதையும் தொடாதீர்கள். தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் வேண்டுமென்றால் வேளாண்மை விரிவாக்க மையத்திலேயே குறைந்த விலையில் கிடைக்கும். கன்று விற்கிற ஆளே எந்தக் கன்று நல்லது என்று ஆலோசனையும் சொன்னால் அந்த ஆலோசனைக்கு மதிப்பில்லை.

போன வைக்கோல் போகட்டும். நின்ற தாளையாவது கோடை மழையில் மடக்கி உழுது, பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துவிடுங்கள். விதை பழசாக இருந்தால் கடைக்காரர் சொல்லமாட்டார். 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 45ஆம் நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் சம்பாவுக்குச் சரியாக இருக்கும். அடுத்த அறுவடைக்கு வண்டி பேசும்போதே, வைக்கோல் வயலில்தான் கிடக்கும் என்று சொல்லிப் பேசுங்கள். 9 மாவிலும் விட மனசு வரவில்லையென்றால் மகன் கேட்ட அந்த 3 மாவில் மட்டும் விடுங்கள். மற்ற 6 மாவில் உளுந்து எப்படி இருக்கிறது, இதில் எப்படி இருக்கிறது என்று அவனே மாசியில் பிடுங்கிப் பார்க்கட்டும்.