பழைய போர்ஷே 911-இல் ஆயில் கூலர் குழாய்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா? இறுகிப்போன நட்டுகளை எப்படிக் கழற்றுவது?

முடியும். என்னுடைய 1982 மாடல் 911 எஸ்சி-யில் நானே மாற்றியிருக்கிறேன். நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆயில் சொட்டினால் தேறாது. ஆனால் என்னை வேலையில் இறக்கியது ஆய்வு இல்லை. ஒருநாள் வண்டியைக் கழுவும்போது வலது பின் டயரின் உள்பக்கம் முழுக்க ஆயில் படிந்திருந்ததைப் பார்த்தேன். என்ஜினைப் பின்னால் சுமக்கும் வண்டி இது. வளைவில் ஒரு பின் டயர் வழுக்கினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

உங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்: வலது பக்கம் சொட்டுகிறது, நீளக் குழாய் இரண்டும் துருப்பிடித்திருக்கின்றன, ஒரு வாரம் துரு இளக்கும் ஸ்பிரே அடித்தும் நட்டு அசையவில்லை, ஸ்பேனரில் நீளப் பைப்பைச் செருகி மிதிக்கச் சொல்கிறார் நண்பர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆயில் போகும் வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த என்ஜினில் ஆயில் அடியில் தேங்கி நிற்காது. வலது பின் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் தனியாக ஒரு டேங்க் இருக்கிறது. ஒரு பம்பு அங்கிருந்து எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும், இன்னொரு பம்பு என்ஜினில் வடிந்ததை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பி அனுப்பும். திரும்பும் அந்த வழியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் குளிர்ந்திருந்தால் நேராக டேங்குக்குப் போகவிடும். சுமார் 85 டிகிரி தாண்டியதும், வலது கதவுக்குக் கீழே ஓடும் நீளக் குழாய் வழியாக முன் மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்கு அனுப்பும். குளிர்ந்த ஆயில் இன்னொரு குழாயில் திரும்பி வரும். 1969-இல் 911 எஸ் மாடலில் வந்த ஏற்பாடு இது.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தக் குழாய்கள் திரும்பும் வழியில் இருப்பதால், குழாய் வெடித்து ஆயில் ரோட்டில் கொட்டினாலும் பிரஷர் முள் உடனே இறங்காது. டேங்கில் ஆயில் இருக்கும்வரை என்ஜினுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். டேங்க் காலியான பிறகுதான் முள் விழும், அதற்குள் தாமதமாகிவிடும். அதனால் 'கொஞ்சம்தானே சொட்டுகிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று விடக் கூடாது.

குழாய் ஏன் கெட்டது என்றும் பார்த்துவிடுங்கள். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் ஒரு வளையத்தை நசுக்கிப் பொருத்தியிருப்பார்கள். 40 வருடத்தில் ரப்பர் கெட்டிப்பட்டு அங்கே கசியும். இன்னொரு காரணம் ஜாக்கி. வலது பக்க ஜாக்கி பாயிண்டுக்கு மிக அருகில் இந்தக் குழாய்கள் ஓடுகின்றன, யாராவது ஜாக்கியைச் சற்றுத் தள்ளி வைத்தால் நசுங்கிவிடும். என் வண்டியில் ஒரு குழாய் பாதி விட்டத்துக்கு நசுங்கியிருந்தது. கோடையில் ஆயில் ஏன் அவ்வளவு சூடாகிறது என்று பல வருடம் யோசித்ததற்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

இப்போது நட்டு விஷயத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட்டின் உடம்பும் அதன் வெளி மரையும் அலுமினியம். அதன் மேல் ஏறும் குழாய் நட்டு இரும்பு, 36 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் அளவு. இந்த இரண்டு உலோகமும் ஈரமும் சாலை உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாகப் பூத்து மரையிடுக்கில் கெட்டியாகிவிடும். வெறும் துரு என்றால் ஸ்பிரேக்கு இளகும். இது இளகாது.

சூடுபடுத்தினால் வருமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இங்கே அலுமினியம் உள்ளே, இரும்பு வெளியே. மொத்தமாகச் சூடேற்றினால் உள்ளே இருப்பது அதிகம் விரிந்து இன்னும் இறுகும். நட்டை மட்டும் சட்டென்று சூடாக்கி, சூடு உள்ளே இறங்குவதற்குள் திருப்ப வேண்டும். மின்சுருளால் சூடாக்கும் இண்டக்‌ஷன் கருவி கிடைத்தால் முயன்று பாருங்கள். நெருப்பு மட்டும் வேண்டாம். சுற்றிலும் ஆயில், மேலே தார் போன்ற அடிப்பூச்சு, ரெண்டுமே பற்றும்.

நான் முதல் நட்டில் செய்தது உங்கள் நண்பர் சொல்வதைத்தான். ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி இழுத்தேன். நட்டு திரும்பியது, மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கழற்றிப் பார்த்தால் அலுமினிய மரை முழுவதும் உரிந்து நட்டோடு வந்திருந்தது. நல்ல தெர்மோஸ்டாட் ஒன்று ஐந்து விநாடியில் குப்பையானது. பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்க ஆறு வாரம் ஆனது. குழாயை எப்படியும் மாற்றத்தான் போகிறோம், அதன் நட்டைக் காப்பாற்றி என்ன பயன்? வெட்ட வேண்டியது குழாயை, காப்பாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட்டை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, வலது சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது டேங்கை வடியுங்கள். குழாயிலும் கூலரிலும் இன்னும் ஆயில் நிற்கும், பெரிய தட்டாக வையுங்கள். பிறகு நட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி எல்லாக் குழாய்களையும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, துண்டுக் குழாய்களோடு தெர்மோஸ்டாட்டை அப்படியே கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போராடுவதற்கும், மேசையில் பொருத்திய பிடிகருவியான வைஸில் பிடித்து நின்றுகொண்டு செய்வதற்கும் அவ்வளவு வித்தியாசம். வைஸின் தாடைகளுக்கு நடுவே மரக்கட்டை வைக்க மறக்காதீர்கள், அலுமினியம் சீக்கிரம் நசுங்கும். டேங்கிலும் என்ஜினிலும் போய்ச் சேரும் குழாய்கள் நல்ல நிலையில் இருந்து, அவற்றை வைத்துக்கொள்ள நினைத்தால், அவற்றை மட்டும் அறுக்காமல் பொறுமையாகக் கழற்றப் பாருங்கள்.

மேசையில் வைத்து, நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தில் குழாயின் நீளவாக்கில் சின்ன கிரைண்டரால் ஒரு கோடு வெட்டுங்கள். மரை தெரிவதற்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் நட்டு பிளந்து விரியும், பிறகு கையாலேயே கழற்றலாம். தேடி வாங்கிய அந்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டில் ஒட்டியிருந்த நட்டுகளை நான் இப்படித்தான் பிரித்தேன். ஒரு நட்டுக்கு இருபது நிமிடம், மரையில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டும் முன் வாய்களுக்குள் துணியைத் திணித்து அடைத்துவிடுங்கள். ஒரு இரும்புத் துகள் உள்ளே போனாலும் டேங்க் வரைக்கும் பயணம் செய்யும்.

முன் கூலரிலும் இதே நட்டுதான். ஆனால் அங்கே கூலரின் கழுத்து மெல்லியது. கூலர் பக்க அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் கழுத்தே முறுக்கிக் கிழியும். சந்தேகம் வந்தால் அங்கேயும் வெட்டிவிடுங்கள்.

இரும்புக் குழாய்க்குப் பதில், மேலே ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். 12-ஆம் அளவு ஹோஸ், அதாவது முக்கால் அங்குலம், கூடவே மரை மாற்றும் இணைப்பான்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே ரப்பர் வயதாவதைப் பின்னல் மறைத்துவிடும். ஆடிக்கொண்டே உரசினால் பக்கத்தில் இருப்பதை அரம்போல அறுக்கும். இணைப்பான் கூடக் கூட ஒழுகும் இடமும் கூடும். மூல வடிவத்தில் செய்த புதுக் குழாய்கள் கிடைக்கின்றன. கதவுக்குக் கீழே கல்லடி படும் இடத்தில் எனக்கு இரும்புதான் வேண்டும்.

புதுக் குழாயை மாட்டும் முன் கரைப்பானால் உள்ளே கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். எல்லா நட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, கிளாம்புகளைத் தளர்வாக மாட்டி, குழாய் தானாக உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். கையால் ஏறாத நட்டு கோணலாக நிற்கிறது என்று பொருள், ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள். மரை இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையை மரையில் மெல்லியதாகத் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். குழாய் முனையில் உலோகம் உலோகத்தோடு அமர்ந்துதான் அடைக்கிறது. அங்கே டெஃப்லான் டேப்போ சீலன்ட்டோ வேண்டவே வேண்டாம், பிய்ந்த துண்டு ஆயில் வழியை அடைக்கும்.

கடைசியாக ஆயில் ஊற்றுவது. முழு அமைப்புக்கும் சேர்த்து சுமார் 13 லிட்டர் பிடிக்கும், ஆனால் ஒரே தடவையில் ஊற்றிவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை முன் கூலரும் நீளக் குழாய்களும் காலியாகத்தான் இருக்கும். நான் முதலில் 9 லிட்டர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, அடியில் டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். பிறகு ஊருக்குள்ளேயே ஒரு சுற்று. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அளவு இறங்கியிருந்தது. அதன்பின் சமதளத்தில், சூடான என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கோலைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கும் அளவை நம்பி ஊற்றினால் மிஞ்சிப்போய், காற்று இழுக்கும் வழியில் ஆயில் ஏறிப் புகையும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை அடியில் படுத்து எல்லா இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றில் மட்டும் ஈரம் இருந்தது, தெர்மோஸ்டாட்டுக்குத் திரும்பி வரும் குழாயில். கால் சுற்று இறுக்கியதும் நின்றது. இரண்டு கோடை போய்விட்டது, டயர் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.