பிலடெல்பியா குரோமோசோம் பிள்ளைகளுக்கு வருமா?

அப்பாவின் அறிக்கையில் பிலடெல்பியா குரோமோசோம் என்றிருப்பதால் உங்களுக்கும் தம்பிக்கும் இந்த ரத்தப் புற்றுநோய் வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இது பரம்பரையாக வருவதில்லை. அவருடைய எலும்பு மஜ்ஜைச் செல் ஒன்றில் பிற்காலத்தில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) துண்டுகள் இடம் மாறிவிட்டன; அப்படி மாறிய 22ஆம் குரோமோசோமைத்தான் பிலடெல்பியா குரோமோசோம் என்கிறார்கள். அதில் பிறந்த பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற புரதம் வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. அப்பாவுக்குக் கொடுத்த இமாடினிப் மாத்திரை, அந்தப் புரதத்தில் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) அமரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை முடக்குகிறது. ஆனால் கோளாறான மரபணுவை நீக்குவதில்லை.

என்னைக் கலங்கவைத்தது உங்கள் கடைசி வரிதான். வெள்ளணு எண்ணிக்கை இயல்பானதும் அப்பாவே மாத்திரையை விட்டுவிட்டாராமே! எண்ணிக்கை சரியானால் நோய் போய்விட்டதாகாது; மிச்சமிருக்கும் நோயை, அந்தக் கோளாறான மரபணுவின் தடத்தை ரத்தத்தில் தேடும் பிசிஆர் (PCR) பரிசோதனைதான் காட்டும். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குமட்டல்தான் காரணமென்றால் அதையும் சொல்லுங்கள். இம்மாத்திரையை உணவோடு, பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும்.