நியூட்ரான் படிக்க நினைக்கும் மகளுக்கு எது சரியான வழி?

ஐயா, வணக்கம். "மூளைக் கட்டிக்கு நியூட்ரான் கற்றை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள். இப்படி ஒரு வேலை உண்டா?" என்று போனில் கேட்டீர்கள். உண்டு. ஆனால் பி.எஸ்சி. முடித்த கையோடு நேராகப் போய்ச் சேர முடியாது.

அவளை எது இழுக்கிறது என்பது முதலில் உங்களுக்குப் புரியவேண்டும். இதற்குப் போரான் நியூட்ரான் பிடிப்புச் சிகிச்சை என்று பெயர். போரான் என்ற தனிமம் கலந்த மருந்தை நோயாளிக்கு ஏற்றுவார்கள். புற்றுநோய்ச் செல்கள் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் அணுக்கருவில் உள்ள மின்னூட்டமற்ற துகளான நியூட்ரானைச் செலுத்தினால், போரான்-10 என்ற போரான் வகை அதைப் பிடித்து ஆல்ஃபா துகளாகவும் (ஹீலியம் அணுக்கரு) லித்தியமாகவும் உடையும். இரண்டும் ஒரு செல்லின் அகலத்துக்குள்ளேயே நின்றுவிடும். 1936-லேயே லோச்சர் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனை இது.

சிக்கல் நியூட்ரானின் வேகத்தில் இருக்கிறது. அதிவேகமாக வந்தால் நல்ல திசுவையும் கெடுக்கும். ரொம்ப மெதுவாக வந்தால் மேலாகவே தங்கிவிடும். அதனால்தான் ஆரம்ப காலத்தில் மண்டையோட்டைத் திறந்து வைத்துச் சிகிச்சை செய்தார்கள். துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள். அரை எலக்ட்ரான் வோல்ட் முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை உள்ள நியூட்ரான் என்றால், உள்ளே போகப் போக வேகம் தணிந்து, இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் நன்றாக வேலை செய்யும்.

போன வாரம் உங்கள் மகள் என் மேசையில் நோட்டைப் பிரித்து வரைந்து காட்டினாள். நடுவில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் மெக்னீசியம் ஃப்ளோரைடு தணிப்பான், சுற்றிலும் ஈயம், காமா கதிரைத் தடுக்க பிஸ்மத், கற்றை வெளிவரும் முனையில் லித்தியம் கலந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். தணிப்பானின் தடிமனை மட்டும் நான்கு முறை அழித்து எழுதியிருந்தாள். குறைத்தால் வேக நியூட்ரான் தப்பி வரும். கூட்டினால் கற்றை மங்கி, நோயாளி அதிக நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். சதுர செ.மீ.க்கு வினாடிக்கு 100 கோடி நியூட்ரான் வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அந்த நான்கு அழித்தல்களைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தத் துறையின் வேலையே அதுதான்.

பின்லாந்தில் ஓர் ஆய்வு அணு உலையில் 2012 வரை நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. இப்போது உலை இல்லாமல் துகள் முடுக்கியாலேயே செய்கிறார்கள். ஜப்பான் 2020-இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி கொடுத்தது. நம் மருத்துவமனைகளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே சோற்றுக்கு மருத்துவ இயற்பியல் (கதிர்வீச்சுச் சிகிச்சையின் அளவையும் பாதுகாப்பையும் கவனிக்கும் துறை), ஆசைக்கு நியூட்ரான் என்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. இல்லையென்றால் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவுக்குப் போகலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையும் மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் நடத்த முடியாது; அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

இப்போதே சி++ என்ற கணினி மொழியைப் படிக்கட்டும். துகள்கள் பொருளுக்குள் எப்படிப் போகும் என்று கணினியில் கணக்கிடும் ஜியான்ட்4 என்ற மென்பொருள் இலவசம். நோட்டில் வரைந்ததை அதில் ஓட்டிப் பார்க்கலாம். ஆராய்ச்சிப் படிப்பு என்று வரும்போது ஜப்பானின் கியோட்டோ, சுகுபா பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம்.

அவள் அம்மா பயப்படுவதாகச் சொன்னீர்கள். கதிர்வீச்சோடு வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் அணிவார்கள். பட்ட அளவை அது பதிந்துகொள்ளும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது 30 மில்லிசீவர்ட்டை (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்பது இங்குள்ள வரம்பு. அடுத்த முறை அம்மாவையும் அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன்.