சோளம் புளித்தது திரவ வித்தாலா?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டில் மொட்டுக் காளான் (பட்டன் காளான்) வளர்க்கக் கூரியரில் திரவ வித்து, அதாவது சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்த காளான் நூல், சிரிஞ்சில் வாங்கினேன். அரை கிலோ சோளப் பொட்டலம் எட்டிலும் தலா 10 மில்லி ஏற்றினேன். பத்து நாளில் ஆறு பொட்டலம் நசநசத்துப் புளித்துவிட்டது. இரண்டில் மட்டும் வெள்ளை நூல் ஓடுகிறது. இன்னொரு சிரிஞ்ச் வாங்கி நேராகக் காளான் படுக்கைக்கான கம்போஸ்டில் தெளிக்கலாமா? 10 கிலோவுக்கு எத்தனை மில்லி?

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம். திரவ வித்தில் சர்க்கரை இருக்கிறது. கம்போஸ்ட் கிருமியற்ற பொருள் அல்ல; சர்க்கரை விழுந்தால் காளானுக்கு முன்னால் பச்சைப் பூஞ்சணம்தான் பந்தியில் உட்காரும். ‘தெளித்தால் போதும்’ என்று விற்கிறவருக்குச் சிரிஞ்ச் விற்றால் சரி. உங்கள் படுக்கை அழுகினால் அவருக்கு நட்டமில்லை.

ஒரே சிரிஞ்சிலிருந்து போனதில் இரண்டு ஓடுகிறது என்றால், சோளத்தின் மேல்தான் சந்தேகம். வேகவைத்து வடித்த சோளத்தைத் துணியில் பரப்பி, கையில் அள்ளினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்த வேண்டும். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பொட்டலம் கட்டி, குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். நெருக்கி அடுக்கினால் நடுப்பொட்டலத்துக்குச் சூடு ஏறாது. 10 மில்லியும் அதிகம், 3 போதும். அடுத்த தடவை ஒரு பொட்டலத்தில் எதையும் ஏற்றாமல் வைத்துப் பாருங்கள். அதுவும் புளித்தால் குற்றம் சோளத்திலோ குக்கரிலோ. அது மட்டும் தப்பினால் சிரிஞ்சிலோ, ஏற்றிய கையிலோ.

ஆனால் இப்போது உங்களுக்கு வித்துப் பஞ்சமே இல்லை. 100 கிலோ கம்போஸ்டுக்கு 500 முதல் 750 கிராம் வித்துதான் கணக்கு. உங்கள் 10 கிலோவுக்கு அதிகபட்சம் 75 கிராம். வெள்ளை நூல் முழுக்கப் பரவிய சோளம்தான் வித்து; அப்படி நல்ல பொட்டலம் ஒன்றே தாராளம். கம்போஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, கேட்க வேண்டியது அதைத்தான்.

மொட்டுக் காளானில் தோல்வி பெரும்பாலும் கம்போஸ்டில்தான். வைக்கோல், கோழி எரு, யூரியா, ஜிப்சம் சேர்த்த குவியல் சிறியதாக இருந்தால் உள்ளே சூடு நிற்காது. வீட்டில் 50 கிலோ குவித்துப் புரட்டுவது வீண் வேலை. 58–60 டிகிரியில் பதப்படுத்தி, பிறகு 45–50 டிகிரியில் அம்மோனியா அடங்கும்வரை வைத்த கம்போஸ்டைப் பண்ணையிலிருந்து வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். விரலிடுக்கு நனைய வேண்டும், சொட்டக் கூடாது. மூக்கருகில் கொண்டுபோங்கள். கொஞ்சம் காரம் ஏறினாலும் வாங்காதீர்கள். ‘இரண்டு நாள் ஆறவிட்டால் போய்விடும்’ என்பார்கள். மூட்டைக்குள் இருக்கும் அம்மோனியா அப்படிப் போகாது, வித்துதான் சாகும்.

வருடம் முழுக்க அறுக்கலாம் என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். நூல் பரவ 22–25 டிகிரி, மொட்டு விட 14–18 டிகிரி வேண்டும். ஏசி இல்லாமல் தர்மபுரி டவுனில் இது நடக்காது. உங்கள் பக்கமும் தளி பக்கமும் மார்கழி, தை குளிரில் முயலலாம். நவம்பர் பாதியில் வித்திட்டு, நூல் பரவியதும் படுக்கையின் மேல் 3–4 செ.மீ. கனத்துக்குக் கேசிங் மண் (மூடு மண்) போடுங்கள். அது இல்லாமல் மொட்டு வராது. கோடையில் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். 30–35 டிகிரியில் விளையும், கம்போஸ்டே வேண்டாம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

கெட்ட ஆறையும் வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். கட்டியபடியே குக்கரில் ஒரு மணி நேரம் அவித்து எருக்குழியில் கொட்டுங்கள்.