ஊர்ப் பெயர்களில் வரும் ‘பட்டி’க்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

ஆடுமாடு அடைக்கும் இடம்தான் பட்டி. சிற்றூர் என்ற பொருள் அதன்மேல் பின்னால் ஏறியது. பழைய பொருள் இன்றும் வழக்கில் இருக்கிறது. கொங்குப் பக்கம் படல்களை வளைத்து நிறுத்தி ஆடுகளை அடைத்தால் அது பட்டி. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேர்ந்ததும் படலைப் பிடுங்கி அடுத்த துண்டு நிலத்தில் நடுவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு அங்கேயும் இலங்கையிலும் பட்டிப் பொங்கல் என்றே பெயர். மேய்ச்சல் காட்டில் பட்டி போட்ட இடத்தில் தண்ணீரும் இருந்து, நாலு குடிசை நிலைத்துவிட்டால் அப்புறம் அது ஊர்தானே.

‘பட்டிதொட்டியெல்லாம்’ என்கிறோமே, அந்தத் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்னடத்திலும் தெலுங்கிலும் தொட்டி (doddi என்று ஒலிப்பது) என்றால் மாடு அடைக்கும் இடம்.

கன்னடத்தில் சொல் முதலில் வரும் பகரம் ஹகரமாகும்: பால் ஹாலு, பத்து ஹத்து. அப்படியே பட்டி, ஹட்டி. கர்நாடகத்தில் கொல்லரஹட்டி என்றால் இடையர் குடியிருப்பு (கொல்லர் அங்கே இடையர், இரும்படிப்பவர் அல்ல). நீலகிரியில் படகர்களும் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள்; கோத்தகிரிப் பக்கம் நடுஹட்டி இருக்கிறது. ஆனால் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியை இதில் சேர்க்கக் கூடாது. அது பள்ளி, ஹள்ளி, அள்ளி என்று வந்த வேறு சொல்.

பட்டினம் தேய்ந்து பட்டி ஆனது என்ற விளக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டினம் நெய்தல் நிலத்து ஊர். பட்டிகள் நெருக்கமாக இருப்பதோ மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் என வானம் பார்த்த பூமியில். காவிரிப் படுகைக்குள் போனால் நல்லூர், மங்கலம், குடிதான் அதிகம் கண்ணில் படும்.

அதற்காக எல்லாப் பட்டியிலும் மாடு கட்டியிருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கல்வெட்டுகளில் பட்டி என்பது ஒரு காரியத்துக்காக விட்ட நிலத்தையும் குறிக்கும். ஏரியைப் பராமரிக்க விட்டது ஏரிப்பட்டி. போரில் இறந்தவன் குடும்பத்துக்குக் கொடுத்தது உதிரப்பட்டி. உங்கள் ஊர் எந்த வகை என்று பார்க்க, பெயரின் முன்பாதியைப் பிரித்துப் பாருங்கள். உசிலம்பட்டி போல மரம் வந்தால் இடத்தின் அடையாளம். பாப்பிரெட்டிப்பட்டி போல ஆள் பெயர் வந்தால், பெயர் வைத்த காலத்திலேயே பட்டிக்கு வெறும் ‘ஊர்’ என்ற பொருள்தான் இருந்திருக்கும். கோயில் கல்வெட்டில் ஊர்ப் பெயர் வேறாக இருந்தால் இன்றைய பெயரை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய ஆவணங்களில் தேடும்போது ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். வாடிப்பட்டியில் ஒற்று மிகும். ஆண்டிபட்டியைப் பலரும் ஒற்றில்லாமல் எழுதுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரை இரண்டு விதமாகவும் போட்டுத் தேடுங்கள்.