கைகளை உதறும் மகனைத் தடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. மகிழ்ச்சி வந்தாலும் இரைச்சல் கேட்டாலும் இரு கைகளையும் படபடவென்று உதறுகிறான். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கையைப் பிடித்து அடக்கினால் பழக்கம் போய்விடும் என்கிறார் மாமியார். அப்படிச் செய்யலாமா?

மருத்துவர் பதில்: வேண்டாம் அம்மா, அவன் கைகளைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றை 'ஸ்டிம்மிங்' என்கிறோம். தமிழில் தன்தூண்டல் எனலாம். ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் இதுவும் இடம்பெற்றிருப்பதால், இதை நிறுத்துவதையே சிகிச்சையின் வெற்றியாக மருத்துவர்களும் சிறப்புப் பயிற்சியாளர்களும் நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது என்ன செய்கிறது என்று அவர்களிடமே கேட்கத் தாமதித்தது எங்கள் துறையின் பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் இதைக் கேட்டபோது, தாங்கமுடியாத ஒலியும் ஒளியும் உணர்ச்சிப் பெருக்கும் சூழும் நேரத்தில் தங்களை நிலைப்படுத்திக்கொள்ள இது உதவுகிறது என்றும், பிறர் பார்வைக்கு அஞ்சியே பொது இடங்களில் அடக்கிக்கொள்கிறோம் என்றும் பலர் கூறினார்கள். ஏர் ஹாரனும் கண்டக்டரின் விசிலும் நெரிசலும் ஒன்றாகத் தாக்கும் பேருந்தில் உங்கள் மகனுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்தக் கை அசைவாக இருக்கலாம். அதையும் பறித்தால் அவன் அழுது கதறுவதைத்தான் பார்ப்பீர்கள்.

உற்றுப் பார்ப்பவர்களிடம், "இவனுக்கு ஆட்டிசம், இப்படிச் செய்தால் மனம் அமைதியாகும்" என்று இயல்பான குரலில் சொல்லுங்கள். பலரும் அறியாமையால்தான் பார்க்கிறார்கள். அத்தையிடம், சந்தோஷம் வந்தால் பேரனின் கை பேசுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும். பள்ளியிலும் அவன் கை அசைவைத் தடுக்க வேண்டாம் என்று கேளுங்கள்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது என்பதால், தேவையான வசதியைக் கேட்பது சலுகையன்று.

தலையைச் சுவரில் மோதினாலோ, காயம் படும்வரை கையைக் கடித்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்றவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை இப்படியும் காட்டக்கூடும். அசைவின்போது கண் நிலைகுத்தி, தொட்டு அழைத்தாலும் உணராமல் இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம்; கைப்பேசியில் அதைப் படம்பிடித்து, உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.