அப்பப்பாவின் தோணி வெடிப்பு: ரெசினை இப்போது ஊற்றாதீர்கள்

மட்டக்குளி மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த அப்பப்பா ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணி முனையில் இரண்டடி பிளந்துவிட்டது, ரெசின் (ஊற்றியபின் இறுகும் பசை) ஊற்றி அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காய்ந்து விரிந்த பிளவில் ஊற்றினால், பிறகு மரம் நனைந்து ஊதும்போது அந்தக் கட்டியே ஆப்பாகி இன்னும் நீளமாகப் பிளக்கும். முனையில் மரநார் வெட்டுப்பட்டிருப்பதால் ஈரம் அவ்வழியாகத்தான் வேகமாக உள்ளே போகும், வெளியேயும் வரும்.

நிழலுக்கு இறக்கி, உள்ளே ஈரச்சாக்கு விரித்து இரண்டு மூன்று கிழமை வையுங்கள். ஒரேயடியாகத் தண்ணீர் நிரப்பாதீர்கள். பிளவின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு இடைவெளியை அளந்து வாருங்கள். இடைவெளி சுருங்குவது நின்றதும், பிளவு முடியும் இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை போட்டு மரமுளை அடியுங்கள். பிளவு அதற்குமேல் ஓடுவதை அது தடுக்க உதவும்.

களனி ஆற்றில் விடுவதென்றால் பிளவின்மேல் தும்பு வைத்து, தும்புக்கயிற்றால் தையுங்கள். தையல் துளைகள் ஒரே மரநார்க் கோட்டில் வரக்கூடாது, முன்பின்னாகப் போடுங்கள்; இல்லாவிட்டால் துளை வழியே புதுப் பிளவு. இரும்பாணி வேண்டவே வேண்டாம், துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் தின்னும்.

வீட்டில் நினைவாக வைக்கத்தான் என்றால் பிளவை அடைக்கவே தேவையில்லை. உள்பக்கம் வாச்சி (மரம் செதுக்கும் கருவி) கொத்திய தடத்தில் மட்டும் சாண்டிங் மெஷின் பிடிக்காதீர்கள். அது அப்பப்பாவின் கைத்தடம்.